பேனா இல்லாமல் படிப்பது

நாகலிங்கம் சார் முதல் நாள் வந்தபோது நான் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். தலையைக் கிள்ளி, வயிற்றைப் பிளந்து, உள்ளே கறுப்பாக ஒட்டியிருப்பதை நகத்தால் எடுத்துப் போட வேண்டும். அது இருந்தால் மிளகாய் அரைத்துச் செய்கிற சம்பல் கசக்கும். வீட்டுக்குள் செய்தால் வாடை போகாது என்று அத்தை சொல்வதால், நான் வெளியே கார் நிறுத்துகிற இடத்தில்தான் உட்காருவேன்.

எங்கள் வரிசை வீடுகளுக்கு நடுவில் இடுப்பு உயரச் சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் மங்களேஸ்வரி டீச்சர் வீடு. சனிக்கிழமைகளில் டீச்சர் தன் காரை ரோட்டோரம் விட்டுவிட்டு, கார் நிற்கிற இடத்தில் பெஞ்சு போட்டுப் பிள்ளைகளுக்கு மலாய்க் கட்டுரை சொல்லிக்கொடுப்பார். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். யாரிடமும் அதிகம் பேச வராது. ஆனால் கை வேலையில் இருந்தாலும் காது சும்மா இருக்காதே. அப்படிக் கேட்டதுதான் இது.

டீச்சருக்கு முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். நாகலிங்கம் சாருக்கு அறுபது தாண்டிவிட்டது. அரசாங்க ஆபீசில் காலம் முழுக்க மலாயில் கடிதம் எழுதி ஓய்வு பெற்றவர். இலக்கணத்தில் அவரை அசைக்க முடியாது என்று எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை மலாய் வகுப்பு எடுக்கச் சொல்லி அவரைக் கேட்டிருந்தார்கள். சார் மலாய் படிக்க வரவில்லை. மலாயைச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று படிக்க வந்தார்.

அவருக்குக் காது மந்தம். மெஷின் வைத்திருக்கிறார். கேட்காதவர்கள் சத்தமாகப் பேசுவார்கள் இல்லையா, அதனால் அவர் பேசுவது எனக்கு ஒன்றுவிடாமல் கேட்கும்.

"இலக்கணம் கேட்டா டாண் டாண்ணு சொல்லுதுங்க டீச்சர். எழுதுன்னா வெறும் தாளைக் குடுக்குதுங்க. பிள்ளைங்களை எழுத வைக்கிறது எப்படி?"

டீச்சர் கையை நீட்டினார்.

"உங்க பேனாவைக் குடுங்க சார்."

சட்டைப்பையில் சிவப்புப் பேனா இருந்தது. சார் எடுத்துக் கொடுத்தார். டீச்சர் அதை வாங்கித் தன் கொண்டையில் செருகிக்கொண்டார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பிறகு பெஞ்சிலிருந்து ஒரு தாளை எடுத்துச் சாரிடம் கொடுத்தார். இடைநிலைப் பள்ளியில் முதல் வருஷம், பாரம் ஒன்று படிக்கிற ஹேமலதா எழுதியது. அந்தப் பெண்ணும் பக்கத்திலேயே நின்றது.

"படிங்க சார்."

சார் படித்தார். வலது கை சும்மா இருக்கவில்லை. இல்லாத பேனாவைப் பிடித்துக்கொண்டு காற்றில் கோடு போட்டது.

"படிச்சிட்டேன். பிள்ளைக்கு இம்புஹானே வரலை டீச்சர். தேவையான இடத்துல இல்லை, தேவையில்லாத இடத்துல இருக்கு."

இம்புஹான் என்பது மலாயில் ஒரு சொல்லுக்கு முன்னாலும் பின்னாலும் ஒட்டுகிற ஒட்டு. அது மாறினால் சொல்லே மாறிவிடும் என்று டீச்சர் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வார்.

"சரி சார். தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?"

"எந்தத் தண்ணி?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். ஹேமலதா மட்டும் சிரிக்கவில்லை.

"இந்தக் கட்டுரையில சார்."

"ஆங், வெள்ளம். வெள்ளத்தைப் பத்திதான் எழுதியிருக்கு."

"எதுவரைக்கும் வந்துச்சு?"

சார் தாளைத் திருப்பப் போனார். டீச்சர் அதை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இப்பதானே படிச்சீங்க."

சார் காலியான கையைப் பார்த்துக்கொண்டார்.

"பூனை என்னாச்சு சார்?"

"பூனை வேற இருந்துச்சா?"

ஹேமலதாவுக்குப் பொறுக்கவில்லை.

"கட்டில் வரைக்கும் வந்துச்சு சார். பூனையைத் தூக்கி அலமாரி மேல வச்சோம். அது குதிச்சிருச்சு."

"குதிச்சு?" என்றார் சார்.

"அதை இன்னும் எழுதலை சார்," என்றார் டீச்சர்.

தாளின் அடியில் பென்சிலால் ஒரே வரி எழுதி ஹேமலதாவிடம் கொடுத்தார். சார் எட்டிப் பார்த்தார். 'குதித்த பிறகு?' என்று மலாயில் இருந்ததாம், அவரே வாய்விட்டுப் படித்தார். அந்தப் பெண் பெஞ்சுக்குப் போய்க் குனிந்துகொண்டு எழுத ஆரம்பித்தது. தாளின் பின்பக்கத்துக்கும் போனது.

"பிழையெல்லாம் அப்படியே விட்டுட்டீங்களே டீச்சர்."

"அது எங்கேயும் ஓடாது சார். அவ எழுதி முடிக்கட்டும், உட்கார்ந்து பார்ப்போம்."

"அப்ப இலக்கணம் முக்கியமில்லைன்னு சொல்றீங்களா?"

"முக்கியமில்லைன்னா நான் ஏன் சார் சனிக்கிழமை காலையில தூங்காம இங்க வந்து உட்கார்ந்திருக்கேன்?"

வகுப்பு முடிந்து போகும்போது டீச்சர் கொண்டையிலிருந்து பேனாவை எடுத்துச் சாரிடம் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை சார் உள்ளே நுழைந்ததும் அவரே எடுத்து நீட்டினார். அப்படியே பழகிவிட்டது.

பேனாதான் போனது. விரல் போகவில்லை. பிள்ளைகள் எழுதியதைப் படிக்கும்போது சாரின் ஆள்காட்டி விரல் அவர் தொடைமேல் பிழை திருத்திக்கொண்டே இருக்கும். ஒருநாள் டீச்சர் அதைப் பார்த்துவிட்டார்.

"விரலையும் குடுத்துட்டுப் போங்களேன் சார், கொண்டையில இடம் இருக்கு."

அன்று சாரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பிறகு ஒரு சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகளை வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சார் மோட்டார்சைக்கிளில் வந்தவர், மழை விடட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டீச்சர் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். நான் இந்தப் பக்கம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"ஞாயிறு வகுப்பு எப்படிப் போகுது சார்?"

"எழுதுதுங்க. கொஞ்சம் எழுதுதுங்க. ஒரு பையன் அவங்கப்பாவோட லாரியைப் பத்தி ஒண்ணரைப் பக்கம் எழுதினான்."

"நல்லது."

"டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கோயில் பிள்ளைங்களைப் பத்தி இல்லை."

"கேளுங்க சார்."

"வளர்ந்த ஆளு. நல்லா எழுதத் தெரிஞ்ச ஆளு. எழுதிக்கிட்டிருந்துட்டு நிறுத்திட்டா. அந்த மாதிரி ஆளை மறுபடி எழுத வைக்கிறது எப்படி?"

"யாரு சார் அது?"

சார் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"எம்மக. தாட்சாயினி. ஜொகூர்ல வேலை."

"ம்."

"போன்ல பேசினா எனக்குக் கேக்காது. மெஷின் போட்டாலும் இரைச்சல்தான் வரும். அவ எழுதினாத்தான் எனக்கு. தமிழ் எழுத வராது அவளுக்கு. மலாய்ப் பள்ளியில போட்டது நான்தான். அவங்க அம்மா தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பலாம்னு கெஞ்சினா. நான் கேக்கலை. அதனால மலாய்லதான் மெசேஜ் போடுவா. வாரத்துல நாலஞ்சு வரும். இப்ப ஒண்ணும் இல்லை. போன தீபாவளிக்கு முந்தியிலேர்ந்து இல்லை."

"வீட்டுக்கு வர்றாங்களா?"

"வருவா. அப்பா சாப்டீங்களான்னு சத்தமா கேப்பா. கேட்டுட்டு அடுப்படிக்குப் போயிருவா. அம்மாவும் மகளும் உள்ள பேசிச் சிரிக்கிறது வாயசைவுல தெரியும். என்னன்னு கேட்டா, சும்மா பேசிக்கிட்டிருந்தோம்னு சொல்லுவா எம்பொண்டாட்டி."

மழை சத்தத்தில் டீச்சர் பேசியது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. சார் சொன்னது கேட்டது.

"நான் ஒண்ணும் திட்டலை டீச்சர். சத்தியமா ஒரு வார்த்தை திட்டலை. அவ எழுதினதைத் திருத்தி அனுப்புவேன், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் போற காலத்துலேர்ந்து அப்படித்தான். இவ வாங்கின மார்க்கு இந்தத் தாமான்ல யாரும் வாங்கலை. வேலைக்குப் போனதும் பிள்ளைங்க மொழியைச் சுருக்கி எழுத ஆரம்பிச்சிருதுங்க, கெட்டுப்போயிருமேன்னு திருத்தினேன். முதல்ல நன்றிப்பான்னு போடுவா. அப்புறம் கட்டைவிரல் படம் போடுவா. அப்புறம் அதுவும் நின்னுபோச்சு."

"கடைசியா அவங்க எழுதினது ஞாபகம் இருக்கா சார்?"

"நல்லா ஞாபகம் இருக்கு. ரெண்டாவது வரியில முன்னொட்டை விட்டுட்டா. அவளுக்குத் தெரியாதது இல்லை, அவசரம். கடைசி வரியில முற்றுப்புள்ளி இல்லை."

"என்ன எழுதியிருந்தாங்க?"

சார் காது மெஷினைத் தொட்டார். டீச்சர் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டார்.

"என்ன எழுதியிருந்தாங்கன்னு கேட்டேன் சார்."

"கேட்டுச்சு டீச்சர்."

சார் காலிக் கிளாஸைக் கீழே வைத்தார். வெங்காயத்தை உரிக்காமல் நான் உட்கார்ந்திருந்தேன்.

டீச்சர், "போன்ல இருக்குமே சார்," என்றார்.

"அந்தப் போன் மழையில நனைஞ்சு செத்துப்போச்சு. இது புதுசு. இதுல ஒண்ணும் இல்லை."

மழை நின்றதும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். சிவப்புப் பேனா டீச்சர் கொண்டையிலேயே இருந்தது. சார் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. டீச்சரும் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் வருவதற்கு முன்பே வந்துவிட்டார். நான் தரையைக் கழுவிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்து, "வேலையாம்மா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

"எழுதிட்டேன் டீச்சர். மகளுக்கு. அனுப்பலை. முதல்ல நீங்க பாருங்க."

போனைக் கொடுத்தார். டீச்சர் வாங்கிப் படித்தார். படிக்கும்போதே அவர் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்குகிறார் என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது.

"சார், மகளுக்கு எழுதுறதுல எதுக்கு சார் ரெண்டு, மூணுன்னு நம்பரு?"

"பத்திக்குப் பத்தி நம்பர் போடணுமில்லையா? முதல் பத்திக்குக் கிடையாது. ரெண்டாவதுலேர்ந்து போடணும். அரசாங்க முறை அதுதான்."

"மேலே விஷயம்னு போட்டு, 'தங்கள் உடல்நிலை பற்றி விசாரித்தல்'னு கோடு போட்டிருக்கு."

"விஷயம் இல்லாம கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை டீச்சர்."

சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். டீச்சருக்கும் சிரிப்பு நின்றுபோனது.

"உங்க வீட்டுல இப்ப என்ன சார் நடக்குது?"

"ஒண்ணும் நடக்கலையே."

"ஒண்ணுமேவா?"

"ரம்புத்தான் பழுத்துக் கொட்டுது. பறிக்க ஆள் இல்லை. அவ அம்மாவுக்கு முழங்கால் வலி. வேற ஒண்ணும் இல்லை."

டீச்சர் போனைத் திருப்பிக் கொடுத்தார். சார் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினார். பிள்ளைகள் வந்தார்கள், வகுப்பு நடந்தது, பிள்ளைகள் போனார்கள். சார் எழுதி முடித்தபோது நான் கழுவிய தரை காய்ந்துவிட்டது.

டீச்சர் வாங்கிப் படித்தார். இந்தத் தடவை தோள் குலுங்கவில்லை.

"எந்த முழங்கால் சார்?"

"இடது. மாடிப்படி ஏறினா வலிக்குதுங்கறா."

"தைலம் தேய்க்கிறது நீங்கதான்னு எழுதியிருக்கீங்களே."

"அவ குனிய முடியலையே, நான்தான் தேய்க்கணும். டீச்சர், பிழை ஏதும் இருக்கா?"

"அதைப் பார்க்கலைங்க சார். நான் படிச்சேன்."

சார் போனை வாங்கி ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார். ஒருதரம் திருத்தப் போவதுபோல் விரலைக் கொண்டுபோனார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டார். மூடிக்கொண்டு அழுத்தினால் வேறு எதையாவது அழுத்திவிடப் போகிறாரே என்று எனக்குத்தான் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் சார் வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் வந்தார். வகுப்பு முடியும்வரை பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஹேமலதா தன் தாளைக் கொண்டுபோய்க் காட்டியது. சார் படித்துவிட்டு, "உங்க அத்தை ஏன் அழுதாங்க?" என்று கேட்டார். அந்தப் பெண் அதை எழுதப் போய்விட்டது. விரல் தொடையில் எழுதவில்லை, நான் கவனித்தேன்.

பிள்ளைகள் போனதும் சார் எழுந்து டீச்சரிடம் வந்தார். நான் சுவரோரம் கொடியில் காய்ந்த எங்கள் வீட்டுக் கைக்குழந்தையின் துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன்.

"அனுப்பின அன்னைக்கே படிச்சிட்டா டீச்சர். ரெண்டு கோடும் நீலமாயிருச்சு."

"சரி சார்."

"பதில் வரலை."

டீச்சர் பெஞ்சில் கிடந்த தாள்களை அடுக்கினார்.

"எம்பொண்டாட்டிகிட்ட கேட்டேன். தாட்சா ஏதாவது சொன்னாளான்னு. உங்க முழங்காலுக்கு டாக்டர்கிட்ட போனீங்களான்னு அம்மாவைக் கேட்டிருக்கா. அப்ப படிச்சிருக்கா, இல்லையா?"

"படிச்சிருக்காங்க."

"இன்னொண்ணு எழுதினேன். அதுவும் நீலம். மூணாவதும் எழுதினேன். மரத்துல ஏறி நானே ரம்புத்தான் பறிச்சேன், அதை எழுதினேன். எல்லாத்தையும் படிச்சிடறா டீச்சர். ஒரு வரி போட மாட்டேங்கறா. நீங்க சொன்ன மாதிரித்தானே எழுதினேன்? நம்பர் போடலை, ஒண்ணும் போடலை. பதில் வரலைன்னா நான் என்னன்னு எடுத்துக்கறது?"

டீச்சர் அடுக்கிய தாள்களைக் கீழே வைத்தார். சாருக்குக் கேட்கும்படி அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றார். ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"நீங்க அவங்களுக்கு என்னைக்காவது பதில் எழுதியிருக்கீங்களா சார்?"

"எழுதாம இருப்பேனா? அவ போட்ட ஒவ்வொண்ணுக்கும் உடனே, ஒண்ணுவிடாம..."

சார் நிறுத்திவிட்டார்.

 கை மெதுவாகச் சட்டைப்பைக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல், அங்கேயே நின்றது. டீச்சர் வேறு பக்கம் பார்க்கவில்லை. ரோட்டில் ரொட்டிக்காரர் மணி அடித்துக்கொண்டு போனார். சார் பெஞ்சில் உட்கார்ந்தார். எனக்கு மடித்த துணியைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. அவருக்கு ஒரு கிளாஸ் தண்ணியாவது கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று சுவர்ப் பக்கம் ஒரு அடி வைத்தேன், அப்போது சார் தலையைத் தூக்கி டீச்சரைப் பார்த்து...

"தேவகி, பிள்ளை முழிச்சிட்டான், எங்க இருக்க?" என்று வீட்டுக்குள்ளிருந்து அத்தை என்னைக் கூப்பிட்டார்.